இளைப்பு மருந்து விற்ற ராசையா

காரியாபட்டியிலிருந்து கொத்தமல்லி மூட்டைகளோடு வந்த வியாபாரி ஒருவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். இருமல் மருந்து கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க கடைக்கு வருவாருல்ல, ரெப்பு ராசையா, அவரு தவறிட்டாரு. நேத்து எடுத்தாச்சு" என்றார். கையிலிருந்த மருந்துச் சீட்டை நான் மேசைமேல் வைத்தேன். எப்படி என்று நான் கேட்பதற்குள் கடையில் நின்ற இன்னொருவர் கேட்டுவிட்டார்.

"இளைப்புலயா, இல்ல அந்த டப்பா மருந்துலயா?"

"மஞ்சக்காமாலைன்னு சொல்றாக" என்றார் வியாபாரி.

"சொல்றாக" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு, மற்றவர் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

விருதுநகர் பஜாரிலும் சிவகாசியிலும் ராசையாவை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் பொருள் தெரியும். அவர் இருமினால்கூட நம்பாத ஊர், செத்ததற்குச் சொன்ன காரணத்தை மட்டும் நம்பிவிடுமா? அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்றால், அவர்மேல் ஒரு தடவையாவது சந்தேகப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

விருதுநகர் பஜாரில் இருக்கும் என் மருந்துக் கடைக்கு அவர் முதலில் வந்தது, நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில். வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கனத்த தோல்பையைச் சுமந்துகொண்டு, ஒல்லியான ஒரு மனிதர் படியேறினார். மெட்ராஸ் மருந்துக் கம்பெனி ஒன்றின் ரெப்ரசென்டேடிவ் என்றும், சொந்த ஊர் காரியாபட்டி என்றும் சொல்லிக்கொண்டார். அப்போது எங்களிடம் மூச்சிளைப்புக்கென்று இருந்தவை எபிட்ரின் மாத்திரையும் கொளுத்துகிற பொடியும்தான். பொடியை ஒரு தட்டில் குவித்து நெருப்பு வைத்தால் கனிந்து புகையும். தலையோடு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அந்தப் புகையை உள்ளே இழுக்க வேண்டும். அதே சரக்கைச் சிகரெட்டாகச் சுருட்டியும் விற்றார்கள். ராசையா பொடி டப்பாவை எடுத்து மோந்தார்.

"ஊமத்தை இலை. அது நின்னு புகையிறதுக்கு வெடியுப்பு. சிவகாசிக்குப் போற சரக்குல கொஞ்சம் உங்க அலமாரிக்கும் வந்திருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் கேக்கும். ஆனா புகை புகைதானே, புண்ணுல புகையைப் போட்டா எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

போட்டிச் சரக்கைப் பழிக்கிறார் என்று எனக்கு உடனே தோன்றியது. அவர் பையைத் திறந்து தன் சரக்கை எடுத்தார். புகை பிடிக்கிற சுங்கான் மாதிரி வளைந்த கண்ணாடிக் குப்பி; அதன் பின்னால் கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் உருண்டை. குப்பிக்குள் சில சொட்டு மருந்தை விட்டு உருண்டையை அமுக்கினால், முன்பக்கம் மெல்லிய மூட்டமாக மருந்து வெளியே வந்தது. புகையில்லை, நெருப்பில்லை, மருந்து நேராக நெஞ்சுக்குப் போகும் என்று விளக்கிக்கொண்டே வந்தவருக்கு, பேச்சு நடுவில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தோள் ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். அவர் குப்பியை வாயில் வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் உருண்டையை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

கடையில் நின்றவர்களில் ஒருவர் கைதட்டினார். சந்தையில் கீரிப்பிள்ளையைக் கட்டிப்போட்டுத் தைலம் விற்கிறவனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "ரெப்பு சார், நாடகம் நல்லாருக்கு. டாக்டர்கிட்டப் போய்க் காட்டுங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாச் சந்தேகப்படுங்க அண்ணாச்சி. மருந்து விக்கிறவனைச் சந்தேகப்படாதவன் மருந்துக் கடை வைக்கக் கூடாது" என்றார். ஆர்டர் இல்லாமலே படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு மாதா மாதம் வந்தார். என் கடைக்கு வந்தால் பாதி நாள் இளைப்பு வந்துவிடும். குப்பியை எடுத்து அமுக்குவார். அடுத்த தெரு டாக்டரின் அறையிலும் ஒருநாள் இப்படி நடந்ததாம். சாத்தூரில் நடக்காதாம், அருப்புக்கோட்டையில் நடக்காதாம். மற்ற ஊர்க் கடைக்காரர்கள் சொன்னார்கள். விருதுநகரில் மட்டும் வருகிற இளைப்பு என்ன இளைப்பு என்று நாங்கள் பேசிச் சிரித்தோம். என் கடைக்கு அடுத்த கட்டடம் வத்தல் கிட்டங்கி. லாரியிலிருந்து மிளகாய் வத்தல் மூட்டைகளை இறக்கும் நாளில் நெடி எங்கள் கல்லாப்பெட்டி வரைக்கும் வரும். பிறந்ததிலிருந்து அந்த நெடியில் கிடந்த எங்களுக்கு அது காற்று மாதிரி. அவருக்கு அது என்ன செய்யும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

ஒரு தீபாவளி சீசனுக்கு முந்தின நேரம். பக்கத்தில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் நல்ல கூட்டம். சிவகாசியிலிருந்து பெருமாள்சாமி என்பவர் மாத்திரை வாங்க வந்திருந்தார். ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் போர்மேன். சிவகாசியில் மருந்து ரூம் என்றால் வெடிமருந்து கலக்கிற அறை. அவரும் இளைப்புக்காரர். ராசையா உள்ளே வந்து பையை வைத்ததும் மூச்சு வாங்கியது. குப்பியை எடுத்தார், ரப்பர் உருண்டை வெடித்துப் பிளந்திருந்தது. அமுக்கினால் காற்றுப் பக்கவாட்டில் போனது. அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கூட்டத்தில் ஒருவர், "இன்னைக்குப் புது ஆட்டமா இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பெருமாள்சாமி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசையாவின் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது நடிப்பில்ல. நடிக்கிறவன் சத்தம் போடுவான். இவருக்குச் சத்தமே வரல பாருங்க" என்றார். அப்போதுதான் நான் பார்த்தேன். விசில் சத்தம் நின்றுபோயிருந்தது. தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. உதடு நாவற்பழம் தின்றவர் உதடு போல ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தவரால் முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வாசலிலேயே, "இந்த ஆளா? என் ரூம்லயும் ஆடிக் காட்டினவர்தானே?" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் குழாயை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்கப்புறம் ஊசிதான். வெகுநேரம் கழித்து, பெஞ்சில் படுத்திருந்த ராசையாவுக்குப் பேச்சு திரும்பியது. என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "இன்னைக்காவது ஆர்டர் உண்டா அண்ணாச்சி?"

உண்டு என்றேன். அவரை முழுக்க நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. நோய் உண்மை என்பது தெரிந்தது. மருந்தைப் பற்றிய சந்தேகம் அப்படியேதான் இருந்தது. அதற்கு அவரே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். குப்பி மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகிவிட்டால் கீழே கொட்டிவிட வேண்டும். "நிறம் மாறினதை என் கம்பெனிக்காரனே கொடுத்தாலும் வாங்காதீக" என்பார். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் விற்பனையாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இதுவும் ஒரு தந்திரமோ என்று நினைத்தேன்.

பெருமாள்சாமிக்கு அந்தக் குப்பி வேறு எவரையும்விட அதிகமாக உதவியது. வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிறவர் பொடியைக் கொளுத்த முடியாது, இளைப்பு சிகரெட் பற்ற வைக்க முடியாது. தீப்பெட்டி அவர் கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே போகாது. முன்பெல்லாம் இளைப்பு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வீடுவரை நடந்துபோய்த்தான் புகை பிடிக்க வேண்டும். பாதி வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிடுவார். குப்பி வந்த பிறகு மர நிழலில் நின்று நாலு அமுக்கு அமுக்கிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மருந்து ரூம் தூசிதான் இளைப்புக்குக் காரணம் என்று அவர் சந்தேகப்பட்டார். கம்பெனிக்காரர்களோ அவர் வேலைக்குச் சாக்குச் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். ராசையா எந்தப் பக்கமும் சாயவில்லை. "தூசியை விட்டு வெளிய வந்தா என்ன ஆகுதுன்னு ஒருதரம் பாருங்களேன்" என்று மட்டும் கேட்டார். பெருமாள்சாமி, "வேற என்ன வேலை தெரியும் எனக்கு?" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சீனாக்காரனோடு சண்டை நடந்த காலத்தை ஒட்டி ராசையா புதுச் சரக்கு கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவு உலோக டப்பா. அதைச் செருகி வைக்க ஒரு பிளாஸ்டிக் வாய்க்குழல். டப்பாவுக்குள் மருந்தை அழுத்தத்தில் அடைத்திருந்தார்கள். ஒரு அமுக்கு அமுக்கினால் அளந்து வைத்த மாதிரி அதே அளவு மருந்து சீறிக்கொண்டு வரும். உடைகிற கண்ணாடி இல்லை, பிளக்கிற ரப்பர் இல்லை, நிறம் மாறுகிறதா என்ற கவலையும் இல்லை. ஆனால் கைப்பழக்கம் வேண்டும். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, குழலை உதட்டால் கவ்வி, உள்ளே இழுக்க ஆரம்பிக்கிற அந்த நேரத்தில் அமுக்கி, மெதுவாக இழுத்து முடித்து, முடிந்தவரை மூச்சை அடக்கி வைக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மருந்து வாயிலேயே தங்கிவிடும். "நாக்குக்கு இளைப்பு வரல, நெஞ்சுக்குத்தான் வந்திருக்கு" என்று சொல்லிச் சொல்லி, வாங்குகிறவர்களை என் கடையிலேயே உட்கார வைத்து வெறும் குழலில் பழக்குவார்.

பெருமாள்சாமி அதை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பெனிக்குப் போன முதல் நாளே கேட்டில் பிடித்துக்கொண்டார்கள். காவலாளி அமுக்கிப் பார்த்தார், சீறியது. அவர் பின்னால் குதித்தார். "ஏலே, உள்ள என்னத்தை வச்சுக் கொண்டாந்திருக்க?" என்று கத்த, கம்பெனி முழுக்கக் கூடிவிட்டது. டப்பாவின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததைக் கணக்குப்பிள்ளை வாசித்தார்: நெருப்பில் போடாதே, வெயிலில் வைக்காதே. பட்டாசு முதலாளிக்கு இதைவிட வேறென்ன சந்தேகம் வேண்டும்? பெருமாள்சாமியை வெளியே நிறுத்திவிட்டு, இதை விற்றவனைக் கூட்டிவா என்றார்.

ராசையாவோடு நானும் போனேன். முதலாளி டப்பாவை மேசையில் தள்ளி வைத்து அதைத் தொடாமலே கேட்டார்: "இது வெடிக்குமா, வெடிக்காதா? ஒரே பதில் சொல்லுங்க."

நெருப்பில் போட்டால் வெடிக்கும் என்றார் ராசையா. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை. பையிலிருந்து தீர்ந்துபோன டப்பா ஒன்றை எடுத்து, "தீர்ந்ததே வெடிக்கும். வெளிய வாங்க, காட்டுறேன்" என்றார். கம்பெனிக் காம்பவுண்டுக்கு வெளியே, வெகுதூரத்தில் இருந்த ஒரு குழியில் சருகைக் கொளுத்தி அந்த டப்பாவைப் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். ஒரு யானைவெடி அளவுக்குச் சத்தம் வந்தது. சத்தத்தை எடை போடத் தெரிந்த முதலாளி தலையை ஆட்டினார். "பொய் சொல்லியிருந்தா உங்களை ஊரை விட்டே துரத்தியிருப்பேன். ஆபீஸ் ரூம் நெழல்ல மாட்டி வைங்க. மருந்து ரூம் பக்கம் போகப்பிடாது. வேணுங்கிறப்ப இங்கன வந்து இழுத்துக்கட்டும்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ராசையாவிடம், வியாபாரமே போயிருக்குமே என்று கேட்டேன். "நாளைக்கு அவுகளா கண்டுபிடிச்சா, அப்புறம் நான் சொல்ற எதையும் நம்ப மாட்டாகல்ல" என்றார்.

இரண்டு மூன்று சீசன் கழிந்தது. டப்பா நன்றாக விற்றது. ஒருநாள் ராசையா என் அலமாரியைப் பார்த்தார். போன தடவை நிறைத்து வைத்த வரிசை காலியாக இருந்தது. வேறு எந்த ரெப்பாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார். இவர் முகம் சுருங்கிவிட்டது.

"யாரு வாங்குனா அம்புட்டையும்?"

"நம்ம போர்மேன்தான். வாரம் தவறாம ஆளனுப்பி வாங்குறாரு."

"கம்பெனியில மாட்டியிருக்கிறது தனி, வீட்டுக்குத் தனியா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் மற்றக் கடைகளுக்குப் போகவில்லை. கிளம்புங்க அண்ணாச்சி என்று என்னையும் கூட்டிக்கொண்டு நேரே சிவகாசி பஸ் ஏறினார்.

பெருமாள்சாமி வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கைகளை ஊன்றி, முன்னால் சாய்ந்திருந்தார். நாங்கள் உள்ளே போய் உட்காருவதற்குள்ளேயே டப்பாவை எடுத்து இழுத்தார். பேச்சு வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்தார். மறுபடியும் கை டப்பாவுக்குப் போனது. ராசையா அதைப் பிடித்து வாங்கிக்கொண்டார்.

"இது இப்ப எம்புட்டு நேரம் கேக்குது? முன்ன மாதிரி தாங்குதா?"

"தாங்கல. அதனாலதான் கூட இழுக்கேன்."

"நெஞ்சு படபடன்னு அடிக்கா?"

"அடிக்கும். அதுக்கென்ன?"

"போர்மேன், நான் சொல்றதைக் கேளுங்க. இது சுருங்குன குழாயைக் கொஞ்ச நேரம் விரிச்சு விடும். உள்ள இருக்கிற வீக்கத்தையும் சளியையும் இது எடுக்காது. கேக்குற நேரம் குறையுதுன்னா உள்ள நோவு ஏறுதுன்னு அர்த்தம். அப்ப இன்னொரு அமுக்கு அமுக்கப்பிடாது, ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லன்னா இது இதயத்தைப் போட்டு அடிச்சிரும்."

பெருமாள்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விக்கிறதும் நீங்க, வேண்டாங்கிறதும் நீங்களா? என்ன, வேற கம்பெனிக்கு மாறிட்டீகளா? அடுத்த டப்பா எது, அதையும் சொல்லிருங்க" என்றார். அவர் மனைவி செல்லம்மாள் கதவோரம் நின்றவர், முன்னால் வந்து கையை நீட்டினார். "அதைக் குடுத்துருங்க சார். அவுக மூச்சே அதுலதான் இருக்கு. பிடுங்கிட்டுப் போக வந்தீகளா?" என்றார். ஒரு கண நேரம் எனக்கும் அதே சந்தேகம் வந்ததை மறைக்க மாட்டேன். சரக்கு விற்ற மனிதர், விற்ற சரக்கைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறார். யார்தான் நம்புவார்கள்?

ராசையா செல்லம்மாளிடம் டப்பாவைக் கொடுத்தார். "வச்சுக்கங்க தாயி. நான் எடுத்துட்டுப் போகல. ஒண்ணே ஒண்ணு. இவரை வாசல் வரைக்கும் நடந்துட்டு வந்து கட்டில்ல உக்காரச் சொல்லுங்க. நல்லா வந்துட்டாருன்னா, நான் சொன்னது பொய்யின்னு நானே போயிருதேன்" என்றார்.

பெருமாள்சாமி வீம்புக்கு எழுந்தார். வாசல்படியைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். செல்லம்மாள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், பிறகு ராசையாவிடம், "எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டார்.

லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்ட லாரி ஒன்றில் டிரைவர் பக்கத்தில் அவரை உட்கார வைத்தோம். செல்லம்மாள் ஒருபுறம் தாங்கிக்கொண்டார். நானும் ராசையாவும் பின்னால் கட்டுகள்மேல். வழியில் நிறுத்தச் சொல்லி ராசையா இறங்கி இறங்கிப் போய்ப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பிராண வாயு கொடுத்தார்கள், நரம்பில் ஊசி போட்டார்கள், வீக்கம் வற்றுவதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பெருமாள்சாமி பிழைத்தார். மருந்து ரூமை விட்டுவிட்டு லேபிள் எண்ணுகிற வேலைக்கு மாறிக்கொண்டார். டப்பா தேவைப்படுவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அவர் கடைசிவரை, "ஆஸ்பத்திரிக்காரன் காப்பாத்துனான். ரெப்பு சாருக்கு என்ன லாபம் இருந்துச்சோ, யாரு கண்டா?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கேள்வியை நானும் பலமுறை கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ராசையா செய்ததுதான் அவர் பிழைப்பைக் கெடுத்தது. அயல் நாடுகளில் டப்பாவை அளவில்லாமல் இழுத்தவர்கள் சிலர் திடீரென்று இறந்துபோகிறார்கள், அங்கே டாக்டர்கள் விசாரிக்கிறார்கள் என்று மதுரையில் ஒரு டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். மருந்தா காரணம், முற்றிப்போன நோயா காரணம் என்று யாருக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியாது. ராசையா கடை கடையாக ஏறி, சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள், அடிக்கடி வாங்குகிறவரை டாக்டரிடம் அனுப்புங்கள் என்றார். தமிழில் ஒரு எச்சரிக்கைத் தாள் அடித்துப் பெட்டியில் வையுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினார். கடைக்காரர்கள், இவர் கெட்டுப்போன பழைய சரக்கு எதையோ மூடி மறைக்கிறார் என்றார்கள். கம்பெனி, இவர் போட்டிக்காரனிடம் விலைபோய்விட்டார் என்றது. ஒரிசாப் பக்கம் மாற்றினார்கள். அவர் போகவில்லை. வேலையை விட்டுவிட்டுக் காரியாபட்டியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்தார்.

இதனால் அவர் டப்பாவுக்கு விரோதியாகிவிட்டார் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் சட்டைப்பையில் கடைசிவரை அது இருந்தது. "புகையும் குப்பியும் டப்பாவும் எல்லாம் வண்டிதான் அண்ணாச்சி, உள்ள ஏறி வர்ற மருந்து எதுன்னு பாருங்க, அது எதுவரைக்கும் கொண்டுபோய் விடும்னு பாருங்க" என்பார். போன வருஷம் பார்த்தபோது, வெளிநாட்டில் பொடியைக் குழலில் வைத்து நாமே உறிஞ்சுகிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது என்றார். இளைப்பு வந்த பிறகு அது உதவாதாம். வராமல் தடுக்கத் தினமும் இழுக்க வேண்டுமாம். நல்லதுதானே என்றேன். "நல்லதா இருக்கலாம். வரட்டும், முதல்ல என் நெஞ்சுல போட்டுப் பார்ப்போம்" என்றார். அது இங்கே வருவதற்குள் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்கக் காரியாபட்டிக்குப் போனேன். அவர் மனைவி பாக்கியம் வெளியே வந்து, "வாங்க அண்ணாச்சி" என்று பாய் விரித்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பேன் என்று எதிர்பார்த்தவர் போல் அவரே சொன்னார். "காமாலைதான் அண்ணாச்சி. கண்ணெல்லாம் மஞ்சளாகி, சோறு இறங்காம, கெடையாக் கெடந்து போனாக. வர்றவுக எல்லாரும் டப்பாவைக் கேக்குறாக. காட்டிக் காட்டிக் கை ஓஞ்சு போச்சு." பிறகு என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

"உங்களையும் அவுக நம்பல அண்ணாச்சி. நீங்க தப்பா எடுத்துக்கப்பிடாது. விருதுநகருக்கு யாராச்சும் போறாகன்னா, உங்க கடையில போய்ச் சீட்டில்லாம டப்பா கேளுன்னு சொல்லி அனுப்புவாக. நீங்க குடுக்குறீகளா, இல்லன்னு சொல்லித் தாட்டி விடுறீகளான்னு பார்க்க. குடுக்க மாட்டேன்னுட்டாருன்னு வந்து சொன்னா, அன்னைக்கு நல்லாச் சாப்பிடுவாக."

எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுவா மரியாதை? பிறகு ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. மூன்று டப்பா வேண்டும், அவசரம், சீட்டு ஊரில் இருக்கிறது என்று நின்ற ஒரு லாரி கிளீனர். மகளுக்கு இளைப்பு என்று சொல்லிவிட்டு, மகள் பெயரைக் கேட்டதும் திகைத்த ஒரு பெரியவர். என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போன ஒரு காய்கறிக்காரப் பெண். பாக்கியம் முகத்தைப் பார்த்தேன். "ஒருதரமாச்சும் குடுத்திருக்கேனா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "ஒருதரங்கூட இல்ல. ஆனாலும் அடுத்த மாசம் ஆள் அனுப்புவாக."

ராசையாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான். இளைப்பு மருந்து கேட்டு வருகிறவரை உட்கார வைத்து, என் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்கிறேன். போன டப்பா எப்போது தீர்ந்தது என்று கேட்கிறேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வாங்க வருகிறவர்கள் என்னைச் சந்தேகப் பிராணி என்று திட்டுகிறார்கள்; திட்டட்டும். சீட்டில்லாமல் யாராவது வந்து நின்றால், இவர் காரியாபட்டியிலிருந்து வந்த ஆளோ என்று முகத்தை ஒரு நொடி பார்க்கிறேன். இனி அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், இல்லை என்றே சொல்லி அனுப்புகிறேன்.